நாற்பத்திரண்டு இன்ச் மோகன்ராஜ்

என் தம்பி மோகன்ராஜைப் பற்றி அக்கம்பக்கத்தில் நாலு பேர் நாலு விதமாகச் சொல்வார்கள். ஒன்றையும் காதில் போட்டுக்கொள்ளாதீர்கள். அவனைத் தூக்கி வளர்த்தவள் நான். தூக்கி என்றால் ஒரு வயது வரைக்கும்தான். அதற்கு மேல் அவனைத் தூக்க எங்கள் அப்பாவாலேயே முடியவில்லை, சின்னப் பெண் என்னால் எப்படி முடியும்?

ராஜகீழ்ப்பாக்கத்தில் எங்கள் வீடு. கீழே நானும் என் வீட்டுக்காரர் அரிகிருஷ்ணனும். மாடியில் தம்பி. நான் ஜாக்கெட் தைக்கிறவள். தாம்பரத்திலிருந்து சேலையூர் வரைக்கும் ரமா டெய்லர் என்றால் தெரியாதவர்கள் கிடையாது. எனக்கு டேப் கூட அவ்வளவாகத் தேவைப்படாது. ஒரு பெண் தெருமுனையில் திரும்பும்போதே மார்பு இவ்வளவு, கை இவ்வளவு என்று கண் அளந்துவிடும். பெருமைக்குச் சொல்லவில்லை. சரி, பெருமைக்குத்தான் சொல்கிறேன், இப்போது என்ன?

தம்பிக்குத் தண்ணீர் லாரி. சொந்த லாரி. மேடவாக்கம் பக்கம் ஐ.டி. கம்பெனிக்காரர்கள் குடியிருக்கிற அடுக்குமாடிகளுக்குத் தண்ணீர் கொண்டுபோய் இறக்குவான். வண்டியும் அவனே ஓட்டுவான், தரைக்கடியில் இருக்கிற சம்ப் தொட்டியில் குழாயும் அவனே இறக்குவான். ஆள் பெரிய ஆள். ஷேர் ஆட்டோக்காரர்கள் அவன் கை நீட்டுவதைப் பார்த்தால் எங்கோ வானத்தைப் பார்த்துக்கொண்டு போய்விடுவார்கள். அவனும் வருத்தப்படமாட்டான். லாரியே இருக்கும்போது ஆட்டோ எதற்கு என்பான். இப்படி எல்லாவற்றையும் சிரித்துத் தள்ளுகிறவன் ஒரே ஒரு விஷயத்தில் மட்டும் தொட்டால் சிணுங்கியாக ஆகிவிட்டான். அதுதான் கல்யாணம்.

அதற்குக் காரணம் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி. திருநீர்மலைப் பக்கம் ஒரு பெண் பார்க்கப் போனோம். நல்ல குடும்பம், நல்ல பஜ்ஜி. எல்லாம் முடிந்து தம்பி எழுந்தபோது, கை வைத்த அந்த நாற்காலியும் கூடவே எழுந்தது. இடுப்பில் மாட்டிக்கொண்டு வரமாட்டேன் என்கிறது. பெண்ணின் மாமா ஒரு பக்கம் பிடித்தார், என் வீட்டுக்காரர் ஒரு பக்கம் பிடித்தார், இருவரும் கோயில் தேர் மாதிரி இழுக்கிறார்கள். உள்ளே திரைக்குப் பின்னால் முதலில் ஒரு சிரிப்பு, அப்புறம் நாலு சிரிப்பு, அப்புறம் பெண்ணே வாயைப் பொத்திக்கொண்டு கொல்லைப்பக்கம் ஓடினாள். என் தம்பி முகத்தை அன்றைக்குத்தான் அப்படிப் பார்த்தேன். வீட்டுக்கு வந்து சட்டையைக் கூடக் கழற்றாமல், "வேணாம்கா. இந்த ஜென்மத்துக்கு வேணாம்" என்றான்.

அவனுக்குக் கல்யாணத்தைக் கண்டு பயமில்லை. சிரிப்பைக் கண்டுதான் பயம். அதன் பிறகு ஜாதகம் என்று வாயைத் திறந்தாலே லாரி சாவியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவான். முப்பத்து நாலு வயது ஆயிற்று. மாடியில் தனியாக உட்கார்ந்து சாப்பிடுவான். தட்டை அலம்பும் சத்தம் கீழே எனக்குக் கேட்கும். இவனுக்கு ஒரு துணை வந்துவிட வேண்டும் என்று நான் வேண்டாத சாமி இல்லை.

இந்த நேரத்தில்தான் டிவி வந்தது. 2008-ஆம் வருஷம். அடுக்குமாடிகளில் சம்ப் நிரம்புகிற வரை வேலை இல்லாமல் நிற்பான் இல்லையா, அப்போது ஜன்னல் வழியாகக் கண்டவர்கள் ஹாலையும் பார்த்துவைத்திருக்கிறான். ஒருநாள் வந்து சொன்னான்:

"அக்கா, டிவிய சொவுத்துல மாட்டி வெச்சிகீறாங்க. போட்டோ மாட்டுவோம் பாரு, அந்த மாதிரி. பின்னாடி பொட்டியே இல்ல!"

"பொட்டி இல்லாம டிவி எப்படிடா ஓடும்?"

"அது இன்னாவோ எல்சிடியாம். நாமளும் வாங்கணும்கா."

தாம்பரத்தில் ஒரு ஷோரூமுக்கு என்னையும் இழுத்துக்கொண்டு போனான். அங்கே சுவர் முழுக்க டிவி. எல்லாவற்றிலும் மீன் ஓடிக்கொண்டிருந்தது. கடலுக்கடியில் மஞ்சள் மீன், நீல மீன், அதன் செதிலை ஒவ்வொன்றாக எண்ணலாம் போல அப்படி ஒரு தெளிவு. தம்பி வாயைப் பிளந்துகொண்டு நின்றான். நாற்பத்திரண்டு இன்ச் டிவி ஒன்றைக் காட்டி, கடைப் பையன் அதன் மூலையில் ஒட்டியிருந்த ஸ்டிக்கரைத் தட்டினான். "சார், இது ஹெச்.டி. ரெடி" என்றான். ரெடியாக இருக்கிறதே என்று நாங்களும் எடுத்துக்கொண்டு வந்துவிட்டோம்.

மாடியில் தம்பி ஹாலில் மாட்டி முடித்ததும் நான் சும்மா இருப்பேனா? சந்தனம் குழைத்து, குங்குமம் எடுத்து, டிவி நடு நெற்றியில் பெரிதாக ஒரு பொட்டு வைத்து, எலுமிச்சம்பழம் சுற்றிப் போட்டேன். மாட்ட வந்தவன், "ஐயோ, ஸ்க்ரீன்ல ஏம்மா வெச்சீங்க!" என்று அலறினான். ஃபிரிட்ஜுக்கு வைக்கிறோம், கிரைண்டருக்கு வைக்கிறோம், இது மட்டும் என்ன பெரிய இது? ஈரத் துணியால் துடைத்தேன். துடைக்கத் துடைக்கப் பொட்டு மங்கியதே தவிரப் போகவில்லை. இன்றைக்கும் செய்தி வாசிக்கிறவர் சரியாக நடுவில் உட்கார்ந்தால் நெற்றியில் லேசாகச் சிவப்புத் தெரியும். ஆண்களுக்கும் உண்டு.

பொட்டு போகட்டும். டிவியைப் போட்டால் மீனைக் காணோம்! எங்கள் கேபிளில் வருகிற படம் அந்தப் பெரிய திரையில் ரவை கொட்டின மாதிரி வந்தது. மூஞ்சி எது, மூக்கு எது என்று தெரியவில்லை. தம்பி உடனே கேபிள்காரர் லாசரஸைக் கூப்பிட்டான். லாசரஸ் எங்கள் தெருவில் வளர்ந்தவன், கேபிளை இழுத்துக்கொண்டு பூனை மாதிரி மாடி மாடியாகத் தாவுவான்.

"இன்னா லாசரஸ், மீனு எங்க?"

"எந்த மீனுண்ணா?"

"ஷோரூம்ல காட்டுனாங்களே. மஞ்ச மீனு."

"அது அவங்க கடை சிடிண்ணா. சேனல்ல அப்டி இன்னும் எவனும் குடுக்கல. டிவி ரெடி, அவனுங்க ரெடியில்ல."

"எப்ப ரெடியாவானுங்க?"

"எனக்கின்னா தெரியும்? வேணும்னா டிஜிட்டல் பாக்ஸ் வெக்கிறேன், கொஞ்சம் பரவால்லாம இருக்கும்."

பாக்ஸ் வந்தது. ரவை குறைந்தது. ஆனால் இன்னொரு வில்லங்கம் கண்ணில் பட்டது. படம் நடுவில் சதுரமாக நிற்க, இரண்டு பக்கமும் கறுப்பாகப் பட்டை. தம்பி அதைப் பார்த்துப் பார்த்துக் கொதித்தான். "நாப்பத்திரெண்டு இஞ்சி வாங்கிக்கினு வந்தேன், முப்பதுதான் ஓடுது. மீதி இன்னாத்துக்கு, துக்கம் கொண்டாடவா?" என்றான். எனக்கும் நியாயமாகத்தான் பட்டது. இரண்டு மீட்டர் துணி வாங்கி ஒன்றரை மீட்டரில் தைத்துத் தந்தால் வாடிக்கைக்காரி சும்மா விடுவாளா? லாசரஸ் ரிமோட்டை வாங்கி ஏதோ ஒரு பொத்தானை அழுத்தினான். அவ்வளவுதான், படம் இரண்டு பக்கமும் ஓடிப்போய் ஓரத்தைத் தொட்டது. கறுப்பு காணாமல் போயிற்று.

கூடவே எல்லாரும் பெருத்துப்போனார்கள். கதாநாயகி பூசணிக்காயாக வந்தாள். கிரிக்கெட் பந்து முட்டை மாதிரி உருண்டது. வெள்ளிக்கிழமை அம்மன் படத்தில் அம்மனுக்கே இரட்டைத் தாடை. நான் சிரித்தேன், என் வீட்டுக்காரர் சிரித்தார். தம்பி மட்டும் சிரிக்கவில்லை. சோபாவில் நன்றாகச் சாய்ந்துகொண்டு, ரொம்ப நாளைக்குப் பிறகு சொந்தக்காரர்களைப் பார்த்த மாதிரி ஒரு முகத்தோடு, "நல்லாத்தான்கா கீறாங்க. இப்டியே இருக்கட்டும்" என்றான். எனக்கு அப்போது புரியவில்லை. மக்கு நான்.

ஒரு மாதத்தில் எங்கள் கண்ணும் பழகிவிட்டது. அதுதான் வினை. டிவியில் வருகிறவர்கள் சரியான அளவாகவும், தெருவில் போகிறவர்கள் எல்லாரும் சீக்காளிகளாகவும் தெரிய ஆரம்பித்தார்கள். என் வீட்டுக்காரர் கண்ணாடியைப் பார்த்து, "ரமா, நான் ரொம்ப இளைச்சுட்டேன்" என்று சொல்லிவிட்டு இரண்டு தோசை கூடுதலாகச் சாப்பிட்டார். பக்கத்துத் தெரு ஷரீஃபா ஜாக்கெட் துணி கொடுக்க வந்தபோது, "என்ன ஷரீஃபா, உடம்பு கிடம்பு சரியில்லையா?" என்று உருகினேன். அடுத்த வாரம் அந்த ஜாக்கெட்டைத் திருப்பி எடுத்துக்கொண்டு வந்தாள்.

"எனக்கு ஒண்ணும் இல்ல ரமாக்கா. இதுல நானும் என் நாத்தனாரும் சேர்ந்து நுழையலாம். உங்களுக்குத்தான் என்னமோ ஆயிடுச்சு" என்றாள்.

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. இருபது வருஷக் கை, என் கையையா சொல்கிறாய் என்று மல்லுக்கு நின்றேன். அப்புறம் பிரித்துத் தைத்துக் கொடுத்தேன். அடுத்தவள் வந்தாள், அவளுக்கும் பிரித்தேன். அப்போதாவது மண்டையில் உறைத்திருக்க வேண்டாமோ? உறைக்கவில்லை. துணி சரியில்லை, நெசவு நெகிழ்கிறது என்று கடைக்காரன் மேல் பழியைப் போட்டுவிட்டு ராத்திரி சீரியல் பார்க்க மாடிக்குப் போனேன்.

அப்படி இருக்கையில் எங்கள் சித்தி மகன் கல்யாண சிடி வந்து சேர்ந்தது. பல்லாவரம் மண்டபத்தில் நடந்த கல்யாணம். என் தம்பி கல்யாணம் காட்சி எதற்கும் வராதவன். அன்றைக்கு மண்டபத்தில் தண்ணீர் நின்றுபோய், சித்தி அழுதுகொண்டே போன் செய்ததால் லாரியோடு வந்தான். வந்தவனைப் பிடித்துப் பந்தியில் உட்கார வைத்தேன். நடந்தது அவ்வளவுதான் என்று அன்றைக்கு நினைத்திருந்தேன்.

சிடியைப் போட்டோம். மாப்பிள்ளை, பெண், ஐயர் எல்லாரும் நிறைந்து வழிந்தார்கள். கல்யாணச் சாப்பாட்டில் ஒரு சுற்று பூசியிருக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டோம். தம்பி, தான் வருகிற இடம் வந்தால் மட்டும் சரசரவென்று ஓட்டிவிடுவான், யாரையும் பார்க்க விடமாட்டான். அதற்கடுத்து பந்தியில் மற்றவர்கள்.

உங்களுக்கே தெரியும், கல்யாணப் பந்தியில் வீடியோ விளக்கு முகத்தில் அடித்தால் நம் ஆட்கள் என்ன செய்வார்கள் என்று. மென்றுகொண்டிருக்கிற வாய் அப்படியே நின்றுவிடும். கை இலையில் ஓவியமாகிவிடும். பெண்கள் தலையைக் குனிந்துகொண்டு விளக்கு போகிற வரை அப்பளத்தைத் தடவிக்கொண்டிருப்பார்கள். அந்தப் பந்தியிலும் வரிசையாக அப்படித்தான். நடுவில் ஒருத்தி மட்டும், மாம்பழ நிறப் புடவை, விளக்கு வந்ததையே சட்டை செய்யாமல் பிசைந்து பிசைந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். கேமராக்காரன் நகராமல் நின்றான். அவள் நிமிர்ந்து அவனை ஒரு முறை முறைத்தாள். இடது கையால் தள்ளிப்போ என்று காட்டினாள். அவன் பின்னால் பாயசக்காரர் நின்றுகொண்டிருந்தார். கேமரா விலகியது, பாயசம் வந்தது, அவள் இலையை வழித்து அழகாகச் சாப்பிட்டாள்.

தம்பி அதை நிறுத்தினான். பின்னால் ஓட்டினான். திரும்பப் போட்டான். நாலைந்து முறை போட்டிருப்பான். அப்புறம் திரையை விட்டுக் கண்ணை எடுக்காமலே கேட்டான்:

"அக்கா, யாருக்கா அது?"

எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. ஒன்றும் காட்டிக்கொள்ளாமல், "எது?" என்றேன்.

"அதாங்கா, மாம்பழ கலரு. நம்ம சைசு கீறாங்க. யாரும் பாக்குறாங்களேன்னு கூச்சமேயில்ல பாரு. இவங்களாம் அடுத்தவங்கள பாத்து சிரிக்கமாட்டாங்க."

விழுந்தடித்துக்கொண்டு சித்திக்குப் போன் போட்டேன். கல்யாணப் பெண்ணோடு பல்லாவரத்தில் ஒரு ஷூ கம்பெனியில் வேலை பார்க்கிறவளாம். பெயர் மஹாலட்சுமி. தைத்து வருகிற ஷூவில் குறை பார்த்துத் தள்ளுகிற வேலை. அப்பா இல்லை, அம்மா பெயர் பேபி. இன்னும் வரன் அமையவில்லை. நான் சாமிப் படத்தின் முன்னால் போய் நின்றுகொண்டு பத்து நிமிஷம் அழுதேன். சித்தி பேசி முடித்து, பெண் வீட்டில் வரச் சொல்லிவிட்டார்கள் என்றாள். "போட்டோ அனுப்பட்டுமான்னு கேக்குறாங்க ரமா" என்றாள்.

"போட்டோ எதுக்கு சித்தி? நாங்கதான் நாப்பத்திரெண்டு இன்ச்சுல பாத்தாச்சே!" என்றேன். இந்த வாயை என்ன செய்தால் தகும், சொல்லுங்கள்.

அதோடு விட்டேனா? பெண் பார்க்கப் போகிறவர்கள் பூ கொண்டுபோவார்கள், பழம் கொண்டுபோவார்கள். நான் ரமா டெய்லர் இல்லையா, சரியான அளவில் ஒரு ஜாக்கெட்டே தைத்துக்கொண்டுபோய் அசத்திவிடுவது என்று முடிவு செய்தேன். தம்பி படத்தை நிறுத்திப் பிடித்துக்கொள்ள, நான் எட்ட நின்று பார்த்தேன், கிட்ட நின்று பார்த்தேன், கை இவ்வளவு, தோள் இவ்வளவு என்று கணக்குப் போட்டேன். மாம்பழப் புடவைக்கு எடுப்பாக அரக்கு நிறத்தில், கையில் ஜரிகை வைத்து, ஒரே உட்காரலில் தைத்து முடித்தேன். "மேட்சா இருக்கு" என்று என் வீட்டுக்காரர் சொன்னார். அவருக்கு என்ன தெரியும்.

வெள்ளிக்கிழமை நல்ல நாள் என்று கிளம்பினோம். போகிற வழியில் ஒரு லோடு இறக்க வேண்டும் என்று தம்பி லாரியிலேயே வரச் சொன்னான். வெள்ளிக்கிழமை பல்லாவரத்தில் சந்தை என்பதை மூன்று பேருமே மறந்துவிட்டோம். பழைய மிக்ஸிக்கும் கோழிக்குஞ்சுக்கும் நடுவில் லாரி மாட்டிக்கொண்டது. நின்ற தண்ணீர் லாரியைப் பார்த்தால் பெண்கள் விடுவார்களா? எங்கிருந்துதான் அத்தனை குடம் வந்ததோ தெரியாது. "கேன்சல் ஆன லோடுதான?" என்று அவர்களே முடிவுசெய்து குழாயைத் திறந்துவிட்டார்கள். தம்பி இறங்கிப்போய்க் கத்தாமல், சண்டை போடாமல், வரிசையாக நிற்க வைத்து ஒவ்வொரு குடமாகப் பிடித்துக் கொடுத்துக்கொண்டிருந்தான். பட்டுச் சட்டை தொப்பலாக நனைந்துவிட்டது. நான் வண்டியிலிருந்து கத்திய கத்தலில் கோழிக்குஞ்சுகள் பயந்துபோயின.

ஒருவழியாகப் பெண் வீடு போய்ச் சேர்ந்தோம். சின்ன வீடு, வாசலில் கோலம். பேபி அம்மா நல்ல மரியாதையாக வரவேற்றார். தம்பி நாற்காலிகளைப் பார்த்துவிட்டு, சட்டை ஈரமாக இருக்கிறது, நிற்கிறேன் என்றான். எதற்கு என்று எனக்குத் தெரியாதா? அப்போது உள்ளேயிருந்து ஒட்டடைக் குச்சி மாதிரி ஒரு பெண் கேசரித் தட்டோடு வந்தாள். எனக்கு வைத்தாள், என் வீட்டுக்காரருக்கு வைத்தாள், தம்பிக்கு மட்டும் தட்டு நிறைய வைத்தாள். சுட்டிப் பெண், தங்கச்சி போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு, "நல்லா இரும்மா. பொண்ண வரச் சொல்லு" என்றேன்.

அவள் நகராமல் அங்கேயே நின்றாள்.

"இன்னாம்மா நீ, இதான் பொண்ணு" என்றார் பேபி அம்மா.

நான் அவளைப் பார்த்தேன். தம்பியைப் பார்த்தேன். கண்ணும் மூக்கும் அந்தச் சிடிப் பெண்ணுடையதுதான். மீதியைத்தான் காணோம். வாய் குழறி, என்ன செய்வதென்று தெரியாமல், பையிலிருந்த ஜாக்கெட்டை எடுத்து நீட்டிவிட்டேன். ஏன் நீட்டினேன் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. மஹாலட்சுமி அதை வாங்கி விரித்துப் பார்த்தாள். தையலைத் திருப்பிப் பார்த்தாள். அப்புறம் தன் மேல் வைத்துப் பார்த்தாள். இரண்டு பக்கமும் கொடியில் காயப்போட்ட மாதிரி தொங்கியது.

"நல்ல தையல்க்கா. யாருக்கு இது?" என்றாள்.

"உனக்குத்தான்மா..."

பேபி அம்மாவுக்கு மூக்கு விடைத்தது. "இன்னா, எங்க பொண்ண கிண்டல் பண்ண வந்துகீறீங்களா? ஒல்லியா கீறான்னு இதுக்கு முன்னாடி வந்தவனும் சொல்லிட்டுப் போனான். அதுக்குன்னு ஜாக்கெட்டா தச்சிக்கினு வருவீங்க?"

நான் ஏதாவது சொல்வதற்குள் என் தம்பி வாயைத் திறந்தான். "அதில்லம்மா. இவங்க டிவில குண்டா இருந்தாங்க" என்றான்.

தெய்வமே! தலையில் அடித்துக்கொண்டேன். அவனோ நிறுத்தாமல், மீன் தொடங்கி, கறுப்புப் பட்டை, லாசரஸ், ரிமோட் பொத்தான், முட்டைப் பந்து வரைக்கும் ஒன்றுவிடாமல், கோர்ட்டில் சாட்சி சொல்கிறவன் மாதிரி அத்தனை மரியாதையாகச் சொல்லி முடித்தான். கடைசியில், "நம்ம சைசுன்னு நெனச்சிதான் வந்தேன். மன்னிச்சிடுங்க" என்றான்.

மஹாலட்சுமி உதட்டைக் கடித்துப் பார்த்தாள். முடியவில்லை. வெடித்துச் சிரித்துவிட்டாள். சாதாரணச் சிரிப்பு இல்லை, சுவரைப் பிடித்துக்கொண்டு, அந்த ஜாக்கெட்டாலேயே கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரிக்கிறாள். எந்தச் சத்தத்துக்குப் பயந்து இவன் இத்தனை நாள் ஓடி ஒளிந்தானோ, அதே சத்தம். தம்பி கேசரித் தட்டை மெதுவாகக் கீழே வைத்தான். யார் முகத்தையும் பார்க்காமல் வெளியே போய் லாரியில் ஏறி உட்கார்ந்துவிட்டான். போச்சு, இனிமேல் இவனை எந்த வாசலுக்கும் கூட்டிப்போக முடியாது என்று எனக்கு அங்கேயே தெரிந்துவிட்டது. கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு வந்தது.

நான் பின்னாலேயே ஓடினேன். எனக்கு முன்னால் அவள் ஓடினாள். பெண் பார்க்க வந்த இடத்தில் பெண்ணே தெருவில் ஓடுகிறாள், தெரு முழுக்க வாசலில் நின்று பார்க்கிறது. லாரியின் கால்மிதியில் ஏறி, ஜன்னலைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"இன்னாத்துக்கு ஓடுறீங்க?"

"சிரிச்சீங்க இல்ல" என்றான் தம்பி, ஸ்டீயரிங்கைப் பார்த்துக்கொண்டு.

"சிரிப்பு வந்துச்சி, சிரிச்சேன். டிவில அளவெடுத்து ஜாக்கெட் தச்சிக்கினு வந்தா, சிரிக்காம ஒப்பாரியா வெப்பாங்க?"

"என்னப் பாத்துதான சிரிச்சீங்க."

"உங்கள நான் அன்னிக்கே பாத்துட்டேன். டிவில இல்ல, மண்டபத்துல. எனக்கு எதிர் வரிசைல உக்காந்துகினு இருந்தீங்க. சாம்பார் சாதம்தான் முடிச்சிருப்பீங்க. அந்த வீடியோக்காரன் லைட்ட தூக்கிக்கினு வந்தான், ரெண்டு பசங்க கெக்கெக்கேன்னானுங்க, நீங்க எலைய மூடிட்டு எழுந்து போய்ட்டீங்க. ஊருக்கே தண்ணி கொண்டாந்துட்டு, பாதி சாப்பாட்டுல."

சிடியில் அவன் யாரையும் பார்க்கவிடாமல் ஓட்டுகிற இடம் எது என்று எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

"எனக்கு மனசே ஆறல" என்றாள் அவள். "அதே ஆளு அடுத்து என் மூஞ்சில வந்து லைட்ட அடிச்சான். எனக்கும் கூச்சமாத்தான் இருந்துச்சி. அந்தக் கோவத்துலதான் நான் எழுந்துக்கல. போடான்னு சாப்ட்டேன். எனக்குப் பாயசம் புடிக்கக்கூட புடிக்காது."

தம்பி அப்போதுதான் திரும்பி அவளைப் பார்த்தான்.

"உங்க வூட்லேர்ந்து கேட்டாங்கன்னதும், தண்ணி லாரிக்காரரா, சரின்னு சொல்லும்மான்னு எங்கம்மாகிட்ட நான்தான் சொன்னேன். இப்போ சொல்லிக்கிறேன், எனக்குச் சிரிப்பு வந்தா அடக்கத் தெரியாது. கட்டிக்கினப்புறமும் சிரிப்பேன். அதுக்கு ஒவ்வொரு வாட்டியும் எழுந்து ஓடுனீங்கன்னா நான் லாரி பின்னாடி ஓடிக்கினே இருக்க முடியாது. கேசரி ஆறுது."

சொல்லிவிட்டு இறங்கி, விடுவிடுவென்று உள்ளே போய்விட்டாள். நான் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதுகொண்டிருந்தேன். என் வீட்டுக்காரர் பக்கத்தில் வந்து, "என்ன ஆச்சு, கிளம்பணுமா?" என்று கேட்டார். நறுக்கென்று ஒரு கிள்ளு கிள்ளினேன்.

தம்பி இறங்கினான். நேராக உள்ளே போனான். கூடத்து நடுவில், தரையில், சப்பணம் போட்டு உட்கார்ந்து தட்டை எடுத்தான். வாசலில் தெரு முழுக்க எட்டிப் பார்த்துக்கொண்டு நிற்கிறது. ஒரு குட்டிப் பெண் அவனைக் காட்டி ஏதோ சொல்லிக் களுக்கென்று சிரித்தாள். மஹாலட்சுமியும் சிரித்தாள். பேபி அம்மாவுக்குக் கூட வாய் ஓரம் இழுத்துக்கொண்டது. என் தம்பி ஒரு வாய் மென்று விழுங்கினான், நிமிர்ந்து எல்லாரையும் ஒரு பார்வை பார்த்தான், தட்டை நீட்டினான்.

"இன்னும் கொஞ்சம் வைங்க" என்றான்.